அடைத்து வைத்தவன் சொன்னது உண்மையானால்? ‘10 க்ளோவர்ஃபீல்ட் லேன்’ விவாதங்கள்: ஒரு மதிப்பாய்வு

உன்னைக் காப்பதற்காகத்தான் பூட்டி வைத்திருக்கிறேன் என்கிறான் ஒருவன். வெளியே இருப்பதாக அவன் சொல்லும் ஆபத்து உண்மையிலேயே இருந்துவிட்டால், அந்தப் பூட்டு நியாயமாகிவிடுமா? தத்துவ உலகில் இந்தக் கேள்வியின் ஏதோ ஒரு வடிவம் 300 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது. அதைத் திரைப்பட ரசிகர்களின் வாதமாக மாற்றிய படைப்புகளுள் ஒன்று, 2016 மார்ச் 11 அன்று அமெரிக்காவில் வெளியான ‘10 க்ளோவர்ஃபீல்ட் லேன்’. டேன் டிராக்டன்பெர்க் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. சுமார் 1.5 கோடி டாலரில் தயாராகி, உலகெங்கும் 11 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது.

பேரழிவு வரும் என்று நம்பி நிலவறை கட்டி வைத்த ஹோவர்ட் என்ற ஒருவன், அவனால் உள்ளே கொண்டுவரப்பட்ட ஒரு பெண், தானாகவே உள்ளே புகுந்த ஓர் இளைஞன் என மூன்று பேருக்குள் நடக்கும் கதை. படம் பார்த்தவர்கள் அன்றிலிருந்து இரண்டு விஷயங்களில் பிரிந்து நிற்கிறார்கள். ஹோவர்ட் காத்தவனா, சிறைபிடித்தவனா என்பது ஒன்று. கடைசிக் காட்சிகள் படத்தை நிறைவு செய்கின்றனவா, குலைக்கின்றனவா என்பது மற்றொன்று. இந்த இரண்டு விவாதங்களிலும் எழுந்துள்ள முக்கிய நிலைப்பாடுகளையும், அவற்றின் வேர்களையும், அவை தடுமாறும் இடங்களையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. படத்தின் முடிவைப் பேசாமல் இந்த ஆய்வு இயலாது என்பதால், படம் பார்க்காதவர்கள் அதை மனத்தில் கொள்வது நல்லது.

படம் தரும் சான்றுகள்

மிஷெல் (மேரி எலிசபெத் வின்ஸ்டெட்) தனக்கு நிச்சயிக்கப்பட்டவனை விட்டுப் பிரிந்து, லூசியானா மாநிலத்தின் கிராமச் சாலையில் இரவு நேரத்தில் காரோட்டிச் செல்கிறாள். தென்பகுதி நகரங்களில் மின்சாரம் தடைபட்டதாக வானொலி சொல்கிறது. விபத்து நேர்கிறது. கண்விழிக்கும்போது ஒரு கான்கிரீட் அறையில் கிடக்கிறாள். காயம்பட்ட காலுக்குக் கட்டுப் போடப்பட்டிருக்கிறது, நரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, கால் சங்கிலியால் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. சிகிச்சையும் சிறையும் ஒரே சட்டகத்துக்குள் வரும் இந்தத் தொடக்கமே பின்னால் எழும் சர்ச்சை முழுவதற்கும் விதை.

ஹோவர்ட் (ஜான் குட்மேன்) முன்னாள் கடற்படை வீரன். ஏதோ தாக்குதல் நடந்துவிட்டது, வெளிக்காற்று நஞ்சாகிவிட்டது, ஓராண்டோ ஈராண்டோ உள்ளேயே இருக்க வேண்டும் என்கிறான். எம்மெட் (ஜான் கேலகர் ஜூனியர்) நிலவறையைக் கட்ட உதவியவன். வானில் சிவப்பு ஒளியைக் கண்டு, உள்ளே வரப் போராடிக் கையை முறித்துக்கொண்டதாகச் சொல்கிறான். மிஷெல் ஒருமுறை சாவியைப் பறித்து வெளிக்கதவு வரை போய்விடுகிறாள். அங்கே தோல் வெந்து புண்ணான ஒரு பெண் உள்ளே விடும்படி கண்ணாடிக்கு அப்பால் நின்று கெஞ்சுகிறாள். மிஷெல் கதவைத் திறக்கவில்லை. ஹோவர்டின் பேச்சில் ஏதோ உண்மை இருக்கிறது என்பதற்கு அவளுக்குக் கிடைக்கும் முதல் வலுவான சான்று இது. விபத்துக்குக் காரணம் தன் வண்டிதான் என்பதையும் பிறகு ஹோவர்ட் ஒப்புக்கொள்கிறான். அவசரத்தில் நேர்ந்தது என்பது அவன் விளக்கம்.

அடுத்த சான்று எதிர்த்திசையில் இழுக்கிறது. காற்றுச் சுத்திகரிப்புக் கருவியைச் சரிசெய்யக் குழாய் வழியே தவழ்ந்து செல்லும் மிஷெல், மேல்திறப்பின் கண்ணாடியில் உட்புறமிருந்து உதவி கேட்டுக் கீறிய எழுத்துகளைக் காண்கிறாள். இரத்தம் படிந்த ஒரு காதணியும் கிடைக்கிறது. தன் மகள் மேகன் என்று ஹோவர்ட் காட்டிய புகைப்படத்தில் இருப்பவள் உண்மையில் ஈராண்டுகளுக்கு முன் காணாமல்போன உள்ளூர்ப் பெண் பிரிட்டனி என்று எம்மெட் அடையாளம் காண்கிறான். இருவரும் குளியலறைத் திரையைக் கொண்டு இரகசியமாகப் பாதுகாப்பு உடை தைக்கத் தொடங்குகிறார்கள். தடயம் வெளிப்பட்டதும் எம்மெட் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள, ஹோவர்ட் அவனைச் சுட்டுக் கொல்கிறான். அமிலப் பீப்பாயை ஹோவர்ட் பக்கம் கவிழ்த்து மிஷெல் தப்புகிறாள். வெளியே பறவைகள் பறக்கின்றன, முகமூடியைக் கழற்றினாலும் மூச்சு விட முடிகிறது. சிறிது நேரத்தில் வேற்றுக்கிரகக் கலம் ஒன்று தோன்றி நச்சுவாயுவைக் கக்குகிறது.

ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு கேள்விகள்

ரசிகர் விவாதங்களில் பெரும்பாலான குழப்பம் ஓரிடத்தில் தொடங்குகிறது. வெளியே ஆபத்து உண்டா என்பது உலகைப் பற்றிய கேள்வி. ஹோவர்ட் நம்பத்தக்கவனா என்பது ஒரு மனிதனைப் பற்றிய கேள்வி. ஒன்றின் விடை மற்றொன்றின் விடையைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே நான்கு நிலைமைகள் சாத்தியம்: வெளியே ஆபத்து, உள்ளே நல்லவன்; வெளியே ஆபத்து, உள்ளே கொடியவன்; வெளியே ஆபத்தில்லை, உள்ளே தவறாக நம்பும் நல்லவன்; வெளியே ஆபத்தில்லை, உள்ளே பொய் சொல்லும் கொடியவன்.

இவற்றில் முதலாவதும் கடைசியும் மட்டுமே பெரும்பாலோர் மனத்தில் போட்டியிடுகின்றன. உண்மை சொன்னால் நல்லவன், பொய் சொன்னால் கெட்டவன் என்ற பழக்கமான கணக்கு அது. படம் தேர்ந்தெடுப்பதோ இரண்டாவதை. 1938-ல் பாட்ரிக் ஹாமில்டன் எழுதி, 1944-ல் ஜார்ஜ் கியூக்கர் இயக்கத்தில் இங்கிரிட் பெர்க்மன் நடித்து ஹாலிவுட் படமான ‘கேஸ்லைட்’டில், கணவன் பொய்களைச் சொல்லி மனைவியைத் தன் புலன்களையே சந்தேகிக்க வைக்கிறான். ஹோவர்டின் பிடி அதைவிடச் சிக்கலானது. மகளைப் பற்றிப் பொய் சொல்பவன், வெளியே இருக்கும் ஆபத்தைப் பற்றிப் பெரும்பாலும் உண்மையைச் சொல்கிறான். அந்த உண்மைதான் அவன் கையிலிருக்கும் மிகப் பலமான பூட்டு.

நீண்ட முன்வரலாறு

ஜான் லாக் 1689-ல் வெளியிட்ட மனித அறிவு குறித்த நூலில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவனை, அவன் காண ஏங்கிய ஒருவர் இருக்கும் அறைக்குத் தூக்கிச் சென்று வெளியே பூட்டிவிடுகிறார்கள். விழித்தவன் மகிழ்ச்சியோடு அங்கேயே தங்குகிறான். தங்குவது அவன் விருப்பம்தான், ஆனாலும் அவன் சுதந்திரமாக இல்லை என்பது லாக்கின் முடிவு. வெளிக்கதவருகே அந்தப் பெண்ணைக் கண்ட பிறகு மிஷெலின் நிலை இதற்கு மிக நெருக்கமானது. அவளும் இப்போது உள்ளே இருக்கவே விரும்புகிறாள். சாவி மட்டும் அவளிடம் இல்லை.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூல் இன்னொரு சித்திரத்தைத் தருகிறது. இடியும் நிலையிலுள்ள பாலத்தில் ஒருவர் கால் வைக்கப் போகிறார், எச்சரிக்க நேரமில்லை. அவரைப் பிடித்து இழுப்பது சுதந்திர மீறல் ஆகாது என்கிறார் மில். ஆற்றில் விழுவது அவர் விருப்பமல்ல என்பதே காரணம். ஆனால் ஆபத்து உறுதியாக இல்லாமல் வெறும் சாத்தியமாக இருந்தால், எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்கிறார். ஜெரால்டு டுவார்க்கின் 1972-ல் எழுதிய கட்டுரை இந்த விவாதத்தைப் புதுப்பித்து, பாதுகாக்கப்படுபவர் முன்கூட்டித் தரும் சம்மதத்துக்கும் பின்னர் தரக்கூடிய சம்மதத்துக்கும் முக்கியத்துவம் கொடுத்தது. கடற்கன்னியரின் பாட்டுக்கு மயங்காதிருக்கத் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்ன ஒடிஸியஸ் முன்கூட்டிய சம்மதத்துக்கு உதாரணம். மிஷெல் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை.

கதை மரபில் இதன் மூத்த உறவு சார்ல் பெரோ 1697-ல் வெளியிட்ட நீலத்தாடிக்காரன் கதை. வீட்டின் ஓர் அறையை மட்டும் திறக்காதே என்கிறான் கணவன். திறந்து பார்க்கும் மனைவிக்கு முந்தைய மனைவியரின் கதி தெரிகிறது. சாவி, விலக்கப்பட்ட இடம், முன்பு வந்தவளின் தடயம் என்ற அந்த மூன்றும் இந்தப் படத்தில் அப்படியே உள்ளன. ஜான் ஃபௌல்ஸ் நாவலிலிருந்து வில்லியம் வைலர் 1965-ல் எடுத்த ‘தி கலெக்டர்’, லென்னி ஆபிரகாம்சன் 2015-ல் எடுத்த ‘ரூம்’ ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் அவற்றில் வெளியுலகம் பாதுகாப்பானது, தப்பிப்பதே முழு விடை. ‘10 க்ளோவர்ஃபீல்ட் லேன்’ பழைய கதைக்குச் செய்த முக்கியமான மாற்றம், அந்த விடையைச் சிக்கலாக்கியது.

மூன்றாவது வேர் அணு யுகத்தினுடையது. பெர்லின் நெருக்கடியின்போது, 1961 ஜூலை 25 அன்று ஜனாதிபதி கென்னடி தொலைக்காட்சியில் பேசினார். அதன்பின் வீட்டுக்கு வீடு கதிர்வீச்சுக் காப்பறை கட்டுவது அமெரிக்காவில் பெரும் பேச்சானது. அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று ‘தி டுவைலைட் ஸோன்’ தொடரில் ராட் செர்லிங் எழுதிய ‘தி ஷெல்டர்’ ஒளிபரப்பானது. காப்பறை வைத்திருந்த மருத்துவரின் கதவை அண்டை வீட்டார் இடித்துத் தகர்க்கிறார்கள். இறுதியில் அபாய அறிவிப்பே தவறு என்று தெரியவருகிறது, வானில் கண்டவை செயற்கைக்கோள்கள். ‘அமெரிக்கா’ என்னும் இயேசு சபை இதழின் செப்டம்பர் 30 தேதியிட்ட வெளியீட்டில் பாதிரியார் எல். சி. மெக்ஹ்யூ, காப்பறைக்குள் அத்துமீறி நுழைய முயல்பவரைத் தன் குடும்பத்தைக் காக்க ஒருவர் பலத்தால் தடுக்கலாம் என்று வாதிட்டார். அது பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது.

1961-ன் கேள்வி, யாரை உள்ளே விடுவது என்பது. இந்தப் படத்தில் அந்தக் கேள்விக்குக் கிடைப்பது ஒரே ஒரு காட்சி. மீதி நேரம் முழுவதும் கேட்கப்படுவது, உள்ளே இருப்பவர் வெளியே போகலாமா என்பது. காப்பறை அறம் பற்றிய பழைய எழுத்துகள் இந்தப் பக்கத்தை மிகக் குறைவாகவே தொட்டன. படத்தின் தனிப் பங்களிப்பை இங்கேதான் தேட வேண்டும்.

முதல் நிலைப்பாடு: ஹோவர்ட் சொன்னது சரிதானே

ஒரு சாரார் விளைவை வைத்துப் பேசுகிறார்கள். ஹோவர்ட் கொண்டுவந்திராவிட்டால் மிஷெல் சாலையோரத்திலேயே இறந்திருக்கலாம். தாக்குதல் உண்மை, நச்சுவாயு உண்மை. முன்யோசனைக்காரன் என்று ஊர் ஏளனம் செய்தவன் சொன்னதே நடந்தது. பேரழிவுக்குத் தயாராகும் மனிதர்களை வேடிக்கைப் பொருளாக்கிய காலத்தில் வந்த படம் என்பதும் இந்த வாசிப்புக்கு வலுவூட்டியது. நேஷனல் ஜியாகிரஃபிக் அலைவரிசையின் ‘டூம்ஸ்டே பிரெப்பர்ஸ்’ தொடர் 2012 முதல் 2014 வரை அத்தகையவர்களைக் காட்டியது. அதே காலத்தில் கான்சாஸ் மாநிலத்தின் பழைய அட்லஸ் ஏவுகணைக் கிடங்கு ஒன்று செல்வந்தர்களுக்கான அடுக்குமாடிக் காப்பிடமாக மாற்றப்பட்டு விற்கப்பட்டது. பணம் படைத்தவர் வாங்கினால் முன்னெச்சரிக்கை, ஹோவர்ட் தன் கையால் கட்டினால் பைத்தியமா என்ற கேள்வியில் நியாயம் உண்டு.

நியாயத்தின் இன்னொரு துளியும் இந்தத் தரப்பில் இருக்கிறது. நஞ்சான காற்று சூழ்ந்த இடத்தில் கதவைத் திறப்பது திறப்பவரின் உயிரை மட்டும் பாதிக்கும் செயலல்ல. பிறருக்குத் தீங்கு நேரும்போது தலையிடலாம் என்ற மில்லின் விதிப்படியே கதவைக் காக்க ஹோவர்டுக்கு ஓரளவு உரிமை கிடைக்கிறது.

ஆனாலும் இந்த நிலைப்பாடு இரண்டு இடங்களில் பலவீனமானது. முதலாவது, ஹோவர்ட் கொண்டிருந்த உறுதி அவனிடமிருந்த சான்றுகளை மிஞ்சியது. மிஷெல் வெளியே முகமூடியில்லாமல் மூச்சு விடுகிறாள். நஞ்சு கலத்திலிருந்து வருகிறது, காற்று எங்கும் எப்போதும் நஞ்சாக இல்லை. மில்லின் மொழியில் சொன்னால் எச்சரிக்கை தேவைப்பட்ட இடத்தில் சங்கிலி போடப்பட்டது. இரண்டாவது, பிரிட்டனியின் தடயங்கள். அவள் காணாமல்போனது தாக்குதலுக்கு ஈராண்டுகள் முன்பு. வெளியே எந்த ஆபத்தும் இல்லாத நாளிலேயே அந்த நிலவறையில் ஒரு பெண் உதவி கேட்டுக் கண்ணாடியைக் கீறியிருக்கிறாள். ஆபத்துதான் சிறைக்குக் காரணம் என்ற வாதம் அங்கே உடைந்துவிடுகிறது.

இரண்டாம் நிலைப்பாடு: கட்டுப்பாடே குற்றம்

எதிர்த்தரப்பு விளைவைப் பார்க்காமல் உறவின் அமைப்பைப் பார்க்கிறது. பெண்ணியத் திறனாய்வு இதன் முதன்மை ஊற்று. வீட்டு வன்முறையை அடி உதைகளின் தொகுப்பாக மட்டும் பார்க்காமல், ஒருவரின் அன்றாடச் சுதந்திரத்தைச் சிறுகச் சிறுகப் பறிப்பதாகப் பார்க்க வேண்டும் என்று எவன் ஸ்டார்க் 2007-ல் வெளிவந்த நூலில் வாதிட்டார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய ஆதிக்கக் கட்டுப்பாட்டைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு 2015 டிசம்பர் இறுதியில், படம் வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பு, நடைமுறைக்கு வந்தது.

இந்தக் கண்ணோட்டத்தில் படத்தின் சிறு காட்சிகள் கனமாகின்றன. மிஷெல் கழிப்பறைக்குப் போகும்போதும் திரைக்கு இப்பால் ஹோவர்ட் இருக்கிறான். சாப்பாட்டு மேசையில் அவள் எம்மெட்டைத் தொட்டுப் பேசியதும் வெறிகொள்கிறான். உணவுக்கும் இடத்துக்கும் நன்றியை எதிர்பார்க்கிறான், அது குறைந்தால் தண்டிக்கிறான். சொல் ஊகிக்கும் விளையாட்டில் மிஷெல் யார் என்று எம்மெட் குறிப்புக் கொடுக்கும்போது சிறுமி, குழந்தை, குட்டி இளவரசி என்றெல்லாம் சொல்லும் ஹோவர்டுக்கு அவள் வளர்ந்த பெண் என்பது மட்டும் கடைசிவரை வாயில் வருவதில்லை. இழந்த மகளின் இடத்தில் ஒருத்தியை வைத்துப் பார்க்கும் ஆசை, அவளுடைய வயதையும் விருப்பத்தையும் அழித்துவிடுகிறது.

இந்த வாசிப்பே படத்தின் சான்றுகளோடு அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஆனாலும் அதிலும் இடைவெளிகள் உண்டு. பிரிட்டனிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் படம் காட்டவில்லை. மிஷெலின் கார்மீது மோதியது திட்டமிட்டதா, விபத்தா என்பதும் உறுதியாகவில்லை. அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் எச்சரிக்கையுடன் சான்றளிக்கப்பட்ட படம் இது. ஹோவர்டின் நோக்கத்தில் பாலியல் அச்சுறுத்தல் உண்டா என்பது மறைகுறிப்பாகவே நிற்பதற்கு அந்த வரம்பும் ஒரு காரணமாக இருக்கலாம். சொல்லப்படாத பகுதியைப் பார்வையாளர் தம் அனுபவத்தால் நிரப்புகிறார். அதனால் சிலருக்கு முதல் காட்சியிலேயே கொடியவனாகத் தெரிபவன், வேறு சிலருக்கு எம்மெட் சுடப்படும் வரை அப்படித் தெரிவதில்லை.

இதோடு சேர்த்துப் பேசப்படுவது மிஷெலின் இணக்கம். நடுப்பகுதியில் அவள் புதிர் அடுக்குகிறாள், படம் பார்க்கிறாள், மூவரும் ஒரு குடும்பம்போல் வாழ்கிறார்கள். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகர வங்கியில் 6 நாள் நீடித்த பிணைக்கைதிச் சம்பவத்திலிருந்து பிறந்த ‘ஸ்டாக்ஹோம் சின்ட்ரோம்’ என்ற முத்திரையை இங்கே ஒட்டுபவர்கள் உண்டு. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் அது தனி நோயாக இடம்பெறவில்லை. சிறைப்பட்டவரின் கணக்கிட்ட நடத்தையை மனக்கோளாறாகச் சுருக்குகிறது என்ற விமர்சனமும் அதன்மீது உண்டு. மிஷெலின் இணக்கத்துக்கு அந்த முத்திரை தேவைப்படவில்லை. புதிய சான்று கிடைத்தபோது தங்கினாள், வேறு சான்று கிடைத்தபோது தப்பத் திட்டமிட்டாள்.

மூன்றாம் நிலைப்பாடு: ஐயமே படத்தின் பொருள்

வேறு சிலர் விடை தேடுவதையே மறுக்கிறார்கள். நிகழ்வுக்கு இயல்பான விளக்கமா, இயற்கை கடந்த விளக்கமா என்று தீர்மானிக்க முடியாத தயக்கத்தில்தான் அதிபுனைவு வாழ்கிறது என்று த்ஸ்வெதான் தொதொரோவ் 1970-ல் எழுதினார். தயக்கம் ஏதேனும் ஒரு பக்கம் தீர்ந்ததும் கதை வேறு வகைக்குள் போய்விடும். அந்தக் கருத்தைத் தழுவி, படத்தின் உயிர் அந்த நிச்சயமின்மையில் இருக்கிறது, ஹோவர்ட் யார் என்று முடிவு கட்டுவது அதைக் கொல்லும் என்று வாதிடப்படுகிறது. ‘ரோசான்’ தொலைக்காட்சித் தொடரில் 1988 முதல் அன்பான குடும்பத் தலைவனாக அமெரிக்க வீடுகளுக்குப் பழகிய ஜான் குட்மேனை இந்தப் பாத்திரத்துக்குத் தேர்ந்ததும் அந்தத் தயக்கத்தை நீட்டிக்கிறது. அவர் முகத்தை நம்பிப் பழகிய பார்வையாளர் ஹோவர்டையும் எளிதில் கைவிடுவதில்லை.

இந்த வாசிப்புக்கு இரண்டு தடைகள். ஹோவர்டின் குணம் பற்றிய தயக்கம் காதணி கிடைத்ததோடு பெருமளவு தீர்ந்துவிடுகிறது, கொலையோடு முற்றிலும் தீர்கிறது. கடைசிவரை நீடிப்பது வெளியுலகம் பற்றிய தயக்கம் மட்டுமே. அதுவும் எல்லாப் பார்வையாளருக்கும் சமமாக நீடிக்கவில்லை. மேட் ரீவ்ஸ் 2008-ல் எடுத்த ‘க்ளோவர்ஃபீல்ட்’ ஒரு பேருயிர் நியூயார்க்கைத் தாக்கும் கதை. அதை அறிந்தவர்களுக்குப் புதிய படத்தின் தலைப்பே வெளியே ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டது. தலைப்பை அறியாத மிஷெலுக்குத் தப்புவது நியாயமான சந்தேகத்தின் விளைவு. தலைப்பை அறிந்த ரசிகருக்கோ அவள் ஆபத்தை நோக்கி ஓடுகிறாள். இரு சாராரும் ஒரே காட்சியை வேறு வேறு அறிவோடு பார்த்தார்கள் என்பதை விவாதத்தில் பலர் கணக்கில் கொள்வதில்லை.

முடிவு பற்றிய சர்ச்சை

கடைசிக் கால்மணி நேரத்தில் படம் வேற்றுக்கிரகக் கலத்தோடு மோதும் சாகசமாக மாறுகிறது. இதைக் குறை சொல்பவர்களின் முக்கிய ஆதாரம் தயாரிப்பு வரலாறு. ஜோஷ் கேம்ப்பெல், மேத்யூ ஸ்டூக்கன் எழுதிய மூலத் திரைக்கதையின் பெயர் ‘தி செல்லர்’. அதற்கும் ‘க்ளோவர்ஃபீல்ட்’ படத்துக்கும் தொடர்பில்லை. ஜே. ஜே. ஆப்ராம்ஸின் பேட் ரோபாட் நிறுவனத்தில் அது உருமாறியபோது டேமியன் ஷஸெல் திருத்தி எழுதினார், பின்பு தொடர்பும் தலைப்பும் வந்து சேர்ந்தன. முன்னோட்டம் 2016 ஜனவரியில் வெளியாகும் வரை பொதுமக்களுக்கு அந்தத் தலைப்பே தெரியாது. ஆகவே முடிவு கதையின் தேவையால் எழுந்ததல்ல, வணிகத்தின் தேவையால் ஒட்டப்பட்டது என்பது இவர்கள் வாதம்.

ஆதரிப்பவர்கள் மிஷெலின் வளர்ச்சியைக் காட்டுகிறார்கள். கடையில் ஒரு தந்தை தன் மகளை முரட்டுத்தனமாக நடத்தியதைக் கண்டும் உதவாமல் விலகிய நினைவை அவள் எம்மெட்டிடம் சொல்கிறாள். சிக்கல் வந்தால் ஓடிவிடுவது தன் பழக்கம் என்கிறாள். இறுதியில், தப்பியவர்கள் பேட்டன் ரூஜுக்கு வரலாம், மருத்துவமோ போரோ தெரிந்தவர்களின் உதவி ஹூஸ்டனில் தேவை என்று வானொலி சொல்லும்போது அவள் ஹூஸ்டன் பக்கம் வண்டியைத் திருப்புகிறாள். ஆடை வடிவமைப்பாளராக விரும்பியவள் திரைச்சீலையில் பாதுகாப்பு உடை தைத்ததும், மதுப்புட்டியை எரிகுண்டாக்கியதும் அந்த வளர்ச்சியின் படிகள். டிராக்டன்பெர்க் 2022-ல் எடுத்த ‘ப்ரே’ படத்திலும் தன் கைத்திறனால் பேருயிரை வெல்லும் இளம்பெண்ணே மையம் என்பதால், இது ஒட்டுவேலை மட்டுமல்ல, இயக்குநரின் தொடர் ஆர்வம் என்றும் வாதிடலாம்.

இரண்டு தரப்பும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. ஒரு காட்சி எப்படி வந்து சேர்ந்தது என்பது, அது என்ன பொருள் தருகிறது என்பதைத் தீர்மானிக்காது. மறுபக்கம், மிஷெலின் வளர்ச்சியைக் காட்ட வேற்றுக்கிரகக் கலம் கட்டாயமா என்ற கேள்விக்கு ஆதரவாளர்களிடம் போதிய விடையில்லை. ஆனால் வெளியே ஆபத்து இருப்பது மட்டும் கட்டாயம். வெளியே ஒன்றுமில்லை என்று படம் முடிந்திருந்தால் ஹோவர்ட் வெறும் பொய்யனாகியிருப்பான், பழைய கணக்குக்குள் கதை அடங்கியிருக்கும். அவன் சொன்னது உண்மையான பிறகும் மிஷெல் வெளியேறியது சரியென்று நமக்குத் தோன்றுவதே இந்த முடிவின் சாதனை. ஒரு குறையும் உண்டு. ஆபத்தின் வடிவம் அவ்வளவு பெரிதாகிவிட்டதால், நிலவறைக்குள் நடந்த கொடுமை கண்ணில் சிறுத்துப்போகிறது.

ஒப்புநோக்க ஒரு படம்

ஜெஃப் நிக்கல்ஸ் 2011-ல் எடுத்த ‘டேக் ஷெல்டர்’ இதே கேள்வியை வேறு கோணத்தில் அணுகியது. ஒஹையோ மாநிலத் தொழிலாளி கர்டிஸ் பெரும்புயல் வரும் என்ற கனவுகளால் அலைக்கழிக்கப்பட்டுக் காப்பறை அமைக்கிறான். ஒரு புயலிரவில் குடும்பத்தோடு உள்ளே இருந்தபின் கதவைத் திறக்க மறுக்கிறான். மனைவி சமந்தா சாவியைப் பறிப்பதில்லை. அவனே திறக்க வேண்டும் என்று பொறுமையாக வற்புறுத்துகிறாள், அவன் திறக்கிறான். அந்தப் படத்தின் முடிவும் அவன் அச்சத்தை உண்மையாக்குவதுபோல் அமைகிறது. இரண்டு படங்களிலும் தீர்க்கதரிசனம் பலிக்கிறது. கர்டிஸை நாம் சிறைபிடித்தவன் என்று அழைப்பதில்லை. அச்சத்தின் நடுவிலும் அவன் இன்னொருவரின் வாதத்துக்குக் கட்டுப்பட்டான். ஹோவர்ட் அப்படிக் கட்டுப்பட்ட ஒரு காட்சிகூட இல்லை.

மதிப்பீடு: தீர்ந்தவையும் தீராதவையும்

இந்த விவாதங்களிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. ஆபத்து பற்றிய கூற்று உண்மையாவது, அதைக் கூறியவருக்குப் பிறர்மேல் அதிகாரம் தருவதில்லை. லாக் காட்டியதுபோல, தங்க விரும்புவதும் சுதந்திரமாக இருப்பதும் ஒன்றல்ல. அடுத்து, படத்திலுள்ள சான்றுகளின்படி ஹோவர்டைக் காத்தவன் என்று அழைப்பது கடினம். உயிர் காத்த ஒரு செயலை அவன் செய்தான் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்தச் செயல் பிற்பாடு நடந்தவற்றுக்கு உரிமம் ஆகாது.

ஆனால் படமே ஒரு கடினமான கேள்வியைத் தவிர்த்துவிட்டது என்றும் தோன்றுகிறது. பிரிட்டனியின் காதணியும் எம்மெட்டின் கொலையும் ஹோவர்டைத் தெளிவான குற்றவாளியாக்கி, நம் தீர்ப்பை எளிதாக்குகின்றன. அந்தக் காதணி இல்லாத ஒரு ஹோவர்டை எண்ணிப் பார்க்கலாம். நேர்மையானவன், ஆபத்தைச் சரியாகக் கணித்தவன், மிஷெல்மேல் எந்த ஆசையும் இல்லாதவன், ஆனாலும் கதவைத் திறக்க மறுப்பவன். முன்பு பிரித்துக் காட்டிய நான்கு நிலைமைகளில் அறத்துக்கு உண்மையான சோதனை அந்த முதலாவதே. அதைப் பற்றி இந்தப் படம் மௌனமாக இருக்கிறது. ரசிகர் விவாதத்தில் ஹோவர்டுக்காக வாதாடுகிறவர்கள் பலரும், தாம் அறியாமலே, படத்தில் இல்லாத அந்த நல்ல காவலனுக்காகவே வாதாடுகிறார்கள் என்று கருத இடமுண்டு. அவர்கள் கேள்வி தவறானதல்ல. ஹோவர்ட் அதற்கு ஏற்ற உதாரணம் அல்ல.

இன்னும் இரண்டு சிக்கல்கள் திறந்தே உள்ளன. வெளியேறும் ஒருவரின் உரிமை உள்ளே இருக்கும் மற்றவர்களின் உயிரோடு மோதும்போது எல்லை எங்கே? பொதுச் சுகாதாரத் தனிமைப்படுத்தலில் அரசுகள் இதற்குச் சட்டமும் மேல்முறையீடும் வைத்துப் பதில் தேடுகின்றன. தனிமனிதனின் நிலவறையில் சட்டமும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. அடுத்தது அறிவு பற்றியது. வெளியுலகை அறியும் எல்லா வழிகளும் அடைத்தவரின் கையிலேயே இருக்கும்போது, உள்ளே இருப்பவர் எதை வைத்து நம்புவது? மிஷெலுக்குத் தற்செயலாக ஒரு கதவுக் கண்ணாடியும் காற்றுக்குழாயும் கிடைத்தன. எல்லாச் சிறைப்பட்டவர்களுக்கும் அவை கிடைப்பதில்லை.

காவலைச் சிறையிலிருந்து பிரித்தறிய மேற்கண்ட நிலைப்பாடுகளிலிருந்து மூன்று அளவுகோல்களைத் திரட்டலாம்: ஆபத்துக்கான சான்று உள்ளிருப்பவரோடு பகிரப்படுகிறதா, முடிவெடுப்பதில் அவருக்குப் பங்கு உண்டா, ஆபத்தை அறிந்தபின்னும் போக விரும்புகிறவர் பிறருக்குத் தீங்கின்றிப் போக வழி இருக்கிறதா. ஹோவர்டின் நிலவறை இந்த மூன்றிலும் தோற்கிறது, ஆகவே அவனைப் பற்றிய தீர்ப்பில் ஐயம் குறைவு. மூன்றில் ஒன்று மட்டும் குறையும் இடங்களைப் பற்றி என்ன சொல்வது என்பதற்கு, படமும் அதைச் சுற்றிய வாதங்களும் இன்னும் போதிய பதில் தரவில்லை. விவாதம் அடுத்து நகர வேண்டிய திசை அதுவே.